முகமூடி வீரன் யாரை முதலில் தூக்குவான்?

மகள் பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்த சித்திரக்கதையை விரித்தாள். பழுப்பேறிய தாளின் மணம் என்னைப் போர்க்காலத்தில் நாங்கள் இருந்த சாவகச்சேரி வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே அக்காவும் நானும் இரவல் சித்திரக்கதைகளை ஒன்றாக வாசிப்போம். அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்குப் பத்து. ஒரு கதையில் முகமூடி வீரன் எரியும் வீட்டுக்குள் பாய்ந்தான்.

"உள்ளுக்கை அவன்ரை தங்கச்சியும் ஆரோ ஒரு பிள்ளையும் நிண்டா ஆரை முதல் தூக்குவான்?" என்று கேட்டேன்.

"மற்றாக்களின்ரை பிள்ளையைத்தான்," என்றாள் அக்கா. "தன்ரை ஆக்களை எல்லாரும் காப்பாத்துவினம். அதுக்கு வீரன் எதுக்கு?"

அந்த வருட மாம்பழக் காலத்தில் ஒருநாள் குண்டுபோடும் பொம்மர் விமானம் வந்தது. அக்கா என்னை இழுத்துக்கொண்டு வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளை குமுதா எங்கள் முற்றத்தில் நின்று, "அக்கா, அக்கா" என்று கத்தினாள். அக்கா பங்கர் வாசல்வரை ஏறினாள். உள்ளே தனியே நடுங்கிய என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குண்டு விழுந்தது. குமுதாவின் சத்தம் நின்றுவிட்டது.

செத்தவீட்டில் குமுதாவின் அம்மா அக்காவின் தலையைத் தடவினார். "நீ வெளியாலை வராதது நல்லது, பிள்ளை. வந்திருந்தா நீயும் போயிருப்பாய்."

அதற்குப் பதில் அவர் அக்காவைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பிறகு அக்கா எதையும் சரி என்றோ பிழை என்றோ சொன்னதேயில்லை.

"இவன் செய்தது சரியோ, அம்மா?" என்று மகள், தன் தங்கையை விட்டு யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கி ஓடும் முகமூடி வீரனின் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

காப்பாற்றப்பட்டவள் நான். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.