அடுப்படிக்கு வந்த தேக்கு நிலை

சோலையம்மாள் காளையார்கோவில் பக்கத்துப் பெண். மழையையே அபூர்வமாகப் பார்க்கிற ஊரில் பிறந்தவள் எதைத் தின்று அவ்வளவு உயரம் வளர்ந்தாளோ தெரியாது. பதினாறு வயதில் அண்ணனைத் தாண்டினாள், பதினேழில் அப்பனைத் தாண்டினாள். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் அவள் எழுந்து நின்றதும் வெற்றிலையை மடியில் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். கடைசியில் கீழச்சிவல்பட்டியிலிருந்து வந்த செம்மலைதான், "ஒசரமா இருந்தா நல்லதுதான, பரண்ல சாமான் எடுக்கத் தோதாப் போச்சு" என்று சொல்லிப் பரிசம் போட்டான். அவன் அவள் காதுமட்டம் இருந்தான். அதைப் பற்றி அவனுக்கும் கவலை இல்லை, அவளுக்கும் இல்லை.

செம்மலைக்கு வண்டித் தொழில். கானாடுகாத்தானில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த செட்டியார் வீடுகளுக்குக் காரைக்குடியிலிருந்து தேக்கும் சுண்ணாம்பும் ஓடும் ஏற்றிப் போவான். அத்தனை மாளிகைக்கும் சாமான் சுமந்த வண்டி, பொழுது சாய்ந்தால் வந்து நிற்கிற வீடு பனையோலை வேய்ந்த மண்வீடு. ஒரு கூடம், ஓர் அறை, கொல்லைப்புறம் சாய்ப்பாக இறக்கிய அடுப்படி. அதற்குள் மாமனார் மலையாண்டி, செம்மலை, சோலையம்மாள், மூன்று பிள்ளைகள்.

அந்த அடுப்படி மாமியார் அக்கம்மாள் தன் அளவுக்குச் சொல்லிக் கட்டினது. அக்கம்மாள் நாலரை அடி. மருமகள் வந்த இரண்டாம் வருஷமே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தாள். அடுப்படி மட்டும் அவள் உயரத்திலேயே நின்றது. அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்லாரும் ஒரே உயரம். எழுந்தால்தான் வினை. சோறு வடிக்க எழ வேண்டும், குடத்தில் மொள்ள எழ வேண்டும், உறியில் மோர் எடுக்க எழ வேண்டும். ஒரு நாளைக்கு நூறு தடவை எழுந்து, நூறு தடவையும் பாதியில் நிற்க வேண்டும். மறந்துபோய் நிமிர்ந்தால் உத்திரம் நெற்றியில் ஒரு குட்டு வைக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் நெற்றியில் ஒரு புடைப்பு நிரந்தரமாகக் குடியிருந்தது. பக்கத்து வீட்டுப் பொன்னழகு, "சோலைக்குச் சாமி பொட்டு வச்சுவிட்டிருக்கு" என்பாள். சோலையம்மாளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற சாதி இல்லை அவள். இடுப்பு வலித்தால் கிணற்றடிக்குப் போய் ஒரு நிமிஷம் நிமிர்ந்து நின்றுவிட்டு வருவாள்.

பிரபவ வருஷத்துத் தையில் மலையாண்டி வீட்டை எடுத்துக் கட்டுவது என்று முடிவு செய்தார். ஓலையை இறக்கிவிட்டு நாட்டு ஓடு. உள்ளே இன்னோர் அறை. கொல்லையில் செங்கல் வைத்துப் புது அடுப்படி. அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது சோலையம்மாள் புருஷனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அடுப்படியில எந்திரிச்சா நிமிரணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் கேக்கல."

"அதுக்கென்ன, வீரையாகிட்டச் சொல்லிருவோம்" என்றான் செம்மலை.

வீரையா கொத்தனார். அவர் வந்து புது அடுப்படி வரப்போகிற இடத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு, சுவர் எவ்வளவு உயரம் வரும் என்று கரியால் ஒரு கோடு போட்டார். சோலையம்மாள் கழியோடு ஒட்டி நின்று கையைத் தூக்கிப் பார்த்தாள். கோடு விரல் நுனிக்கு வந்தது. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஓலையை இறக்கியதும் குடும்பம் மாட்டுக்கொட்டத்துக்குப் போனது. சமையல் வேப்பமரத்தடியில், மூன்று கல்லைக் கூட்டி. வெயில்தான், காக்கைதான், சோற்றில் வேப்பம்பூதான். ஆனாலும் தலைக்கு மேலே வானம். பத்தே நாளில் இடுப்பு வலி இருந்த இடம் தெரியவில்லை. இதைப் பழகிவிட்டு மறுபடி குனிந்து நிற்கவா என்று அவளுக்குப் பயம் வந்ததும் அப்போதுதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஓலை இறங்கியவுடன் வீடு தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் வெளியே காட்ட ஆரம்பித்தது. கூடத்து உத்திரத்தை வீரையா தட்டிப் பார்த்தார். உள்ளே மரமே இல்லை, கறையான் மண்தான் இருந்தது. முன்வாசல் கதவு நிலையும் அதே கதி. புது உத்திரம் வாங்க வேண்டும். மலையாண்டி தாடையைச் சொறிந்துகொண்டு, "அடுப்படிச் சுவத்துல மூணு வரி கொறச்சுக்கயேன் வீரையா. அடுப்படிதான, யாரு பாக்கப் போறா" என்றார். மூன்று வரி செங்கல் என்றால் முக்கால் அடி. கழியில் கோடு இறங்கியது.

அப்புறம் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. பாம்பைக் காணோம், சட்டைதான். ஆனாலும் பொங்கல் வைத்துச் சேவல் அறுக்காமல் ஆட்கள் மண்வெட்டியைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள். பாம்புக்கு ஒரு வரி போனது. அடுத்து, வேலை நடக்கிறதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த சொந்தக்காரர்கள், பார்த்துவிட்டுப் போகாமல் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு வரி. சுண்ணாம்பு முழுக்கச் செட்டியார் வீடுகளுக்கே போய்விட்டதில் விலை ஏறியது. அதற்கு இரண்டு வரி. ஆம்பிளைகள் சிக்கனம் பிடிக்கிற அழகு இதுதான். உலகத்தில் எந்த மூலையில் பணம் ஓடினாலும் அடுப்படியில்தான் அணை போடுவார்கள்.

மாசி பிறந்தபோது கோடு சோலையம்மாளின் புருவத்துக்கு வந்திருந்தது. அவள் தினமும் தண்ணீர் எடுத்து வரும்போது கழியோரம் ஒரு நொடி நிற்பாள். அழுகை வரும், அடக்கிக்கொள்வாள். மாமனாரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

இதற்கிடையே மலையாண்டியின் மனசெல்லாம் வேறிடத்தில் இருந்தது. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் பின்கட்டை மாற்றியபோது கழற்றிப்போட்ட தேக்கு நிலை ஒன்றை, வண்டி வாடகைக்குப் பதிலாகச் செம்மலை கேட்டு வாங்கி வந்திருந்தான். ஆறரை அடி உயரம், மேல்சட்டத்தில் தாமரையும் இரண்டு கிளியும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பதுபோல, அதை இழைத்து எண்ணெய் பூசுகிற கூலியே தனியாக ஆனது. ஆனால் அந்தச் செலவுக்கு மட்டும் பெரியவர் எங்கேயும் வரி குறைக்கச் சொல்லவில்லை. அது முன்வாசலுக்கு. தெருவில் போகிறவன் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசை. கூடத்தின் பழைய முன்சுவரையே வைத்துக்கொண்டு, நிலைக்குத் தக்கபடி வெட்டிச் செருகிவிடலாம் என்று ஏற்பாடு.

மாசிக் கடைசி முகூர்த்தத்தில் நிலை வைக்க நாள் குறித்தார்கள். பங்குனியில் நிலை வைப்பதில்லை. இதை விட்டால் சித்திரைதான். அதற்குள் வீரையாவின் ஆட்கள் கானாடுகாத்தான் வேலைக்குப் போய்விடுவார்கள், வீடு ஓடில்லாமல் கிடக்கும். சொந்தபந்தமெல்லாம் முதல் நாளே வந்து இறங்கிவிட்டது. அன்று ராத்திரி பார்த்து, மாசியில் யாரும் எதிர்பாராத மழை. கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டு விடியும்போது ஓய்ந்தது. கூரையில்லாத மண்சுவர் எவ்வளவுதான் தாங்கும்? நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, நவதானிய முடிச்சும் மாவிலையும் கட்டித் தூக்கப்போகிற நேரம், முன்சுவர் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு தெருப்பக்கம் உட்கார்ந்தது. யார்மேலும் விழவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

மலையாண்டி ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"முக்கா நாழிகைதான் இருக்கு" என்றார் வீரையா. "பொட்டு வச்ச நிலையைப் படுக்க வைக்கக்கூடாதுண்ணே. எங்கயாச்சும் ஊணித்தான் ஆகணும்."

"எங்குட்டு ஊண? சொவரே இல்லையேய்யா."

சோலையம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். கொல்லைப்புறத்தில் புது அடுப்படிக்கு வாசற்கல் பதித்துச் செங்கல் முழங்கால் உயரம் வந்திருந்தது. மழை அதை ஒன்றும் செய்யவில்லை. அது அவள் கண்ணில் பட்டது.

"மாமா" என்றாள். "அங்குட்டு அடுப்படி வாசல்ல கல்லு பதிச்சுக் கெடக்கு. நேரம் தப்பாம அங்க வச்சிட்டா என்ன?"

"அடுப்படிக்கா? தேக்கு நெலையவா?"

"நல்ல நேரம் போகுதே மாமா."

மலையாண்டி வானத்தைப் பார்த்தார், கூடியிருந்த சனத்தைப் பார்த்தார். "சரி, இப்போதைக்கு அங்குட்டு வையி வீரையா. பெறகு மாத்திக்கிருவோம்" என்றார்.

நாலு பேர் நிலையைத் தூக்கினார்கள். வீரையா தூக்குக்குண்டு போட்டுச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தார். தேங்காய் உடைத்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். சோலையம்மாளுக்கு ஒரு குலவைகூட வரவில்லை. வைத்த நிலையைப் பிடுங்கக் கூடாது என்பது அந்தச் சீமையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பதற்றத்தில் கிழவர் மறந்துவிட்டார். வேறு யாருக்கும் நினைவு வந்துவிடக் கூடாதே என்று அவள் காளீஸ்வரரை வேண்டிக்கொண்டு நின்றாள். ஆரத்தி எடுக்கும்போது வீரையா அவளை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். தட்டில் வெற்றிலை பாக்கையும் வேட்டியையும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து முன்சுவர் மறுபடி எழும்பியதும் மலையாண்டி கேட்டார். "நெலையை எடுத்து இங்குட்டு வச்சிருவமா?"

"வச்ச நெலையைப் பிடுங்கவா?" வீரையா கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். "என் கையால மாட்டேண்ணே. குடும்பம் வெளங்கணும்ல."

கிழவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்துப் புளி கரையவே மாட்டேன் என்றது.

ஆறரை அடி நிலைக்கு மேலே நாலு வரியாவது ஏறாமல் சுவர் எப்படி நிற்கும்? முன்பக்கத்துக்கு வைத்திருந்த செங்கலெல்லாம் கொல்லைப்புறம் போனது. முன்வாசலுக்கு இன்னொரு நிலை வாங்க வழியில்லை. வீட்டில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, பழைய அடுப்படியை இடித்தபோது கழற்றிவைத்த நிலை. இருபத்திரண்டு வருஷத்துக்கும் மேலாகப் புகை குடித்த மரம், கறையான் அண்டவில்லை. அக்கம்மாள் அளவுக்குச் செய்தது. பழைய நிலைதானே என்று, பங்குனி என்றும் பார்க்காமல் அதை முன்வாசலில் வைத்தார்கள். மலையாண்டி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் சோலையம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சித்திரையில் பால் காய்ச்சினார்கள். வந்தவர்களெல்லாம் முன்வாசலில் குனிந்து நுழைந்தார்கள். திருப்பத்தூரிலிருந்து வந்த நாகநாதன், மலையாண்டிக்குச் சம்பந்தி முறை, பெரிய தலைப்பாகைக்காரர். "கும்பிட்டுக்கிட்டே வரச் சொல்றீகளே சம்பந்தி" என்றார். மலையாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை.

"இது சும்மா வழி. நெலையைப் பாக்கணும்னா அங்குட்டு வாங்க" என்று அவரைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். நாகநாதன் கிளியைத் தடவிப் பார்த்தார், தாமரையைத் தடவிப் பார்த்தார், "ரங்கூன் தேக்கா?" என்று கேட்டார். "அடுப்படிக்கே இப்பிடியா?" என்றார்.

"சோறு போடுற எடமில்லையா" என்றார் மலையாண்டி, தானே முதலிலிருந்து அப்படித்தான் நினைத்திருந்தவர்போல. அதற்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் அவரே கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துப்போனார். பகலெல்லாம் அடுப்படியில் ஆள் மாற்றி ஆள். சோலையம்மாள் பந்திக்குப் பந்தி சோறு வடிப்பதும் குழம்பு இறக்குவதுமாக ஓடிக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்தாளா குனிந்தாளா என்று அவளுக்கே தெரியாது.

பொழுது சாயும்போது கூட்டம் கலைந்தது. செம்மலை தூரத்து உறவுகளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மாட்டை அவிழ்த்தான். மாட்டுக்குத் தண்ணீர் கேட்கக் கொல்லைப்புறம் வந்தான். சோலையம்மாள் அடுப்படி நடுவில் தன்னந்தனியாக இருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அவள் கையில் ஒன்றுமில்லை.

"என்ன புள்ள செய்யுற?"

"நிக்கிறேன்" என்றாள் சோலையம்மாள்.

செம்மலை மாட்டுக்குத் தண்ணீரை அவனே எடுத்து வைத்தான்.