சுகுமாறனின் பார்க்கிங்கில் எட்டு நாற்காலிகள்

சின்னையா செத்துப்போன விஷயம் மூன்று நாள் கழித்துத்தான் ஐந்தாம் மாடிக்குத் தெரிந்தது. அதையும் நாற்றம்தான் சொன்னது. கிள்ளானில் நாற்பது வருடம் லோரி ஓட்டியவர். மனைவி போன பிறகு அந்தப் பிளாட்டில் தனியாக இருந்தார். பொம்பா தீயணைப்பு ஆட்கள் வந்து கதவை உடைத்தபோது லோகேஸ்வரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். இரண்டு கதவு தள்ளி அவள் வீடு. மூன்று நாளும் அந்தக் கதவைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வந்தாள். முதல் கோபம் தன் மேல்தான் வந்தது.

அவளுக்கு அறுபத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருட வேலை. அங்கே ஒருத்தி கழிப்பறையில் பத்து நிமிடம் கூடுதலாக இருந்தால்கூடத் தேடிக்கொண்டு ஆள் வரும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பிளாட் கமிட்டித் தலைவர் சுகுமாறனிடம் போனாள்.

"தம்பி, கீழ டேவான் ஹால் பூட்டித்தானே கெடக்கு? சாவியக் குடு. வயசானவங்க சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து பேசறோம். யாராச்சும் வரலன்னா என்ன ஏதுன்னு அன்னைக்கே போய்ப் பாத்துடலாம்."

"அதெல்லாம் மீட்டிங்ல பேசணும் லா ஆன்டி. உள்ள யாராச்சும் வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

"வீட்டுக்குள்ள விழுந்து செத்தா மட்டும் யாரும் பொறுப்பில்லயா?"

சுகுமாறன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பிள்ளைங்க இல்லாதவங்க ஹோமுக்குப் போயிடறதுதான் ஆன்டி சேஃப்."



மறுநாள் ஐந்து மணிக்குத் தன் சாப்பாட்டு நாற்காலியை லிஃப்டில் இறக்கி, சுகுமாறன் கார் நிறுத்தும் இடத்தின் நட்டநடுவில் போட்டாள். பிறகு மேலே ஏறிக் கதவு கதவாகத் தட்டினாள்.

"எதுக்குக்கா?" என்றார் கௌஸ் பாய். கடையில் ரொட்டி சானாய் வீசிப் போட்டே தோள் தேய்ந்தவர்.

"சண்டை போட. வரீங்களா, இல்லயா?"

சண்டை என்றதும் ஏழு பேர் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்துவிட்டார்கள். வருடக்கணக்காக மூன்றாம் மாடியை விட்டு இறங்காத ரமணியும் அதில் ஒருத்தி.

ஆறு மணிக்குச் சுகுமாறனின் கார் வந்து ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன வெளையாட்டு இது? எந்திரிங்க!"

"முட்டி வலி, தம்பி. மெதுவாத்தான் எந்திரிக்க முடியும்," என்றார் கௌஸ் பாய், பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றியபடி.

பதினொரு நாள் இப்படியே நடந்தது. சுகுமாறன் கத்திப் பார்த்தான், அவர்கள் பிள்ளைகளுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டிப் பார்த்தான். பன்னிரண்டாம் நாள் டேவான் சாவியை லோகேஸ்வரியின் மடியில் எறிந்துவிட்டுப் போனான். அவள் நன்றி சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஐந்தேகால் ஆகியும் ரமணி டேவானுக்கு வரவில்லை. யாரும் ஐந்தரை வரை காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்த சாவியால் திறந்து பார்த்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து, காலையிலிருந்து குளியலறைத் தரையில் கிடந்தாள் ரமணி. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. உயிர் இருந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் சுகுமாறன் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரமணியின் கட்டிலருகே லோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். கூடையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தான்.

"ஆன்டி, பக்கத்துல நில்லுங்க, ஒரு படம். நம்ம கமிட்டி ஆரம்பிச்ச திட்டம்னு ஃபேஸ்புக்ல போடணும்."

லோகேஸ்வரி எழுந்தாள். "எடு. ஆனா கீழ ஒண்ணு எழுது. சாவி கேட்டு வந்தவள ஹோமுக்குப் போகச் சொன்னேன்னு எழுது. எழுதுவியா?"

அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுகுமாறன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

"அவன விடு லோகா," என்றாள் ரமணி, கம்மிய குரலில். "பசிக்குது. அந்த ஆரஞ்ச உரி."

லோகேஸ்வரி உரித்தாள். ஆத்திரத்தோடு உரித்ததில் சுளைகள் பாதி பிய்ந்துபோயின.