கேட்காமல் ஊற்றத் தெரியாதவர்

“பையனுக்கு வேலை கிடைச்சுதா, இல்ல இன்னும் தூங்கிட்டுதான் இருக்கானா?” என்று கேட்டபடியே பாலை ஊற்றுகிறார் காப்பிக்கடைக்காரர். கேட்கப்பட்டவர் வாயைத் திறக்கும்வரை கிளாஸ் அவர் கையைவிட்டு நகராது. பதில் வந்ததும் அதற்கொரு துணைக்கேள்வி போகும். அதற்கும் பதில் வந்த பிறகுதான் காப்பி. நடுவில் ஆறிப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருவார், கூடுதலாகக் காசு வாங்கமாட்டார். ஆறிய காப்பியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பதில் வாங்காமலும் கொடுத்ததில்லை.

குரல் வேறு பெரிது. காதுக்குப் பக்கத்திலேயே அடுப்பு நாள் முழுக்க இரைந்துகொண்டிருப்பதால், அவர் ரகசியம் பேசினாலும் எதிர் நடைபாதைவரை கேட்கும். தபால் ஆபீஸ்காரரின் மூலநோய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்தது இவர் புண்ணியத்தில்தான். தபால் ஆபீஸ்காரர் நெளிந்ததை, உட்கார முடியாத அவஸ்தை என்று எடுத்துக்கொண்டு, “பாவம், வலி பாருங்க” என்று மற்றவர்களிடம் பரிதாபப்பட்டார்.

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் காப்பிக்கடைக்காரர். முதுகுக்குப் பின்னால் ‘விசாரணைக் கமிஷன்’ என்றும் சொல்வார்கள். அது காதுக்கு எட்டிய அன்று அவர் கோபப்படவில்லை, பூரித்துப்போனார். “அக்கறை இருக்கிறவன்தானே கேப்பான்? அக்கறை இல்லாதவன் காசை வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பான்” என்று மனைவியிடம் சொன்னார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவருக்கு எதிர்ச்சாரியில் வந்து வாய்த்தது கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு புதுக் காப்பிக் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கிற கம்பெனி. திறந்த வாரமே தெரு முழுக்க அதைத் திட்டித் தீர்த்துவிட்டது. கரிந்த வாடை, கழுநீர், காகிதக் கோப்பையில் பகல் கொள்ளை என்று ஆளுக்கொரு அர்ச்சனை. அத்தனையும் இவர் கடை வாசலில் நின்று, இவர் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னவை. அவருக்குக் காது குளிர்ந்தது. கொஞ்ச நாளில் மூடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர்களுக்காக வருத்தம்கூடப் பட்டார்.

ஆனால் திட்டியவர்கள் ஒவ்வொருவராக அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். கழுநீர் என்றவரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கழுநீரோடு உட்கார்ந்திருக்கிறார். இதுதான் காப்பிக்கடைக்காரருக்கு மண்டையைக் குடைந்தது. நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாலாவது மனசு ஆறும். நல்லா இல்லை என்று சொல்லிக்கொண்டே போகிறவர்களை என்னவென்று புரிந்துகொள்வது?

சும்மா இருப்பாரா? வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து விசாரித்தார். ஒருவர் குளுகுளுவென்று இருக்கிறது என்றார். இன்னொருவர் கழிப்பறை சுத்தம் என்றார். ஊர் ஊராகச் சுற்றும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சொன்ன காரணம்தான் விசித்திரம். எந்த ஊரில் குடித்தாலும் அது ஒரே மாதிரி மோசமாக இருக்குமாம், நம்பிப் போகலாமாம். காப்பிக்கடைக்காரர் இதை இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. புது மின்விசிறி மாட்டினார், நாற்காலிக்கு மெத்தை போட்டார், கழிப்பறைக்கு வெள்ளையடித்தார். வந்தவர்கள் எல்லாவற்றையும் பாராட்டிவிட்டுத் தெருவைக் கடந்து எதிரே போனார்கள்.

வியாபாரம் குறைந்ததைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வராமல் போனது. அடுத்த கட்டிடத்துக்காரர், பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சிநேகம். காலையில் கடை திறந்ததும் முதல் காப்பி அவருக்குத்தான். அவர் மகள் குழந்தையாக இருந்தபோது இந்தக் கடை மேடையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு பால் குடித்தவள். சென்ற மாதம் அவள் புகுந்த வீட்டிலிருந்து பெட்டியோடு வந்திறங்கியதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை காப்பிக்கடைக்காரர் ஆசையாகத்தான் கேட்டார்: பொண்ணு வந்திருக்காளாமே, மாப்பிள்ளை எப்போ வர்றாரு? வழக்கமான குரல்தான், சுற்றிலும் வழக்கமான கூட்டம்தான். வருவார் என்று சொல்லிவிட்டு, பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார் சிநேகிதர். அதற்குப் பிறகு வரவில்லை.

மீந்த பாதிக் காப்பியை எடுத்து ருசி பார்த்தார் காப்பிக்கடைக்காரர். சர்க்கரை கம்மி என்று தோன்றியது. மறுநாளிலிருந்து சர்க்கரையைக் கூட்டினார். அப்புறம் பால்காரரை மாற்றினார். தூள் வாங்கும் கடையையும் மாற்றினார். காலையில் முதல் கிளாஸை ஊற்றி மேடையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அழுகை வரும்போல இருக்கும். ஒரு நாள் சிநேகிதர் குனிந்த தலையோடு எதிர்க் கடைக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்தும் விட்டார். அன்று முழுக்க யாரிடமும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. காப்பி குடிக்க வந்தவர்கள் அவருக்குக் காய்ச்சலோ என்று பயந்துபோனார்கள்.

“இங்கயே நின்னு மண்டையை உடைச்சுக்கிறதுக்கு, ஒரு தடவை போய் அந்தக் காப்பியைக் குடிச்சுத்தான் பாருங்களேன்” என்றார் மனைவி.

கல்யாண வீடுகளுக்கென்று எடுத்துவைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பால் வாங்கப் போகிறவர்போல் தெருவைச் சுற்றிக்கொண்டு போய் உள்ளே நுழைந்தார். காப்பி என்று கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் என்ன காப்பி என்று கேட்டாள். பலகையில் இருந்த பெயர்களைப் பார்த்துத் திருதிருவென்று விழித்துவிட்டு, மனுஷங்க குடிக்கிறது எதுவோ அது என்றார். அவள் சிரிக்கவில்லை, எதையோ அழுத்தினாள். உங்க பேர் என்று கேட்டாள். கோப்பையில் எழுத வேண்டுமாம். திடீரென்று கேட்டதும், தினமும் காதில் விழுகிற பெயர்தான் வாயில் வந்தது. காப்பிக்கடைக்காரர் என்றார். அவள் அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

காசைக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை. அடுத்தது ஏதாவது கேட்பாள், எந்தத் தெரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று பதில்களோடு தயாராக நின்றார். அவரைத் தாண்டிப் பின்னால் நின்றவரை அவள் வரச்சொன்னாள். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. தள்ளி நின்று சுற்றிலும் பார்த்தார். பாதிப் பேர் அவர் வாடிக்கைக்காரர்கள். தபால் ஆபீஸ்காரர் மெத்தைச் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேலை கிடைக்காத பையனின் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கிற இந்த இடத்தில் என்னத்தைக் கண்டார்கள் என்று அவருக்குப் புரியவேயில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் கோப்பையை உயர்த்திப் பிடித்துக் கணீரென்று கூப்பிட்டாள்: “காப்பிக்கடைக்காரர்! யாருங்க காப்பிக்கடைக்காரர்?”

கடையே திரும்பிப் பார்த்தது. காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகள்போல் ஒவ்வொருவரும் கோப்பையை மறைத்தார்கள். மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒருவரும் திரும்பினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் சிநேகிதரின் முகம் அவரை ஓடவிடவில்லை. ஒரு மாதத்தில் அந்த முகம் அவ்வளவு ஒட்டிப்போயிருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தார்.

“சர்க்கரை கம்மியாப் போச்சாய்யா அன்னைக்கு?” என்றார். அவரால் முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தியிருந்தார். அப்படியும் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சிநேகிதர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“உன் காப்பிக்கு என்னய்யா குறை? இதைத்தான் வாயில வைக்க முடியல.”

“அப்புறம் ஏன் இங்க?”

“வீட்டுக்குள்ள பொண்ணு முகத்தைப் பார்க்க முடியல. உன் கடைக்கு வந்தா நீ கேப்ப. ரெண்டுக்கும் நடுவுல உட்கார ஒரு இடம் வேண்டாமா?”

காப்பிக்கடைக்காரருக்குக் குழப்பம் தீரவில்லை, கூடித்தான் போயிற்று. கேட்பதுதானே பிரியம்? கேட்காமல் இருப்பதற்கா இந்தக் கூட்டம் இவ்வளவு காசு கொடுக்கிறது? தபால் ஆபீஸ்காரரும் இதற்குத்தானா? அப்படியானால் இத்தனை வருஷம் தான் ஊற்றியது என்ன? ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்விகள் முட்டிக்கொண்டு வந்தன. கேட்டால் சிநேகிதர் எழுந்து போய்விடுவாரோ என்ற பயமும் கூடவே வந்தது.

அவர் எதுவும் கேட்காமல் இருந்ததால்தானோ என்னவோ, சிநேகிதரே வாயைத் திறந்தார். “அவ திரும்பிப் போகமாட்டாய்யா. முடிஞ்சுபோச்சு. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல.”

காப்பிக்கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் மேடையில் கால் ஆட்டிக்கொண்டு பால் குடித்த குழந்தை. ஏன், என்ன ஆச்சு, அடிச்சானா, சாப்பிடுறாளா, தூங்குறாளா. அத்தனையும் நாக்கு நுனிவரை வந்து நின்றன. உதடு பிரிந்துவிட்டது.

சட்டென்று கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கரிந்த வாடை அடித்தது. மூச்சு விடாமல் குடித்தார். சிநேகிதர் மெல்ல நாற்காலியில் சாய்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். காப்பி எப்போதோ தீர்ந்துவிட்டது. காப்பிக்கடைக்காரர் காலிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.