முள் ஏறிய மதியம்

பேய், காத்து, கறுப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

ஆரணியில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிறேன். என் மனைவியின் தம்பி செந்தில் சேவூரில் பட்டு நெய்கிறவன். பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் செத்துப்போயிருந்தது, கடையில் வாங்கிய மீட்டர் ஒன்றைத் தனியாக மாட்டித் தரச் சொன்னான். போய்ப் பார்த்தால் காரை நகர்த்த வழியில்லாமல் தெரு நீளத்துக்குத் தறியில் ஏற்றும் பட்டுப் பாவு நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கத்தினேன்.

"மாமா, பேஜார் பண்ணாதீங்க. கைய வுட்டா இழையெல்லாம் சிக்கிக்கும். நீங்க மாட்டிகினு இருங்க, ஜல்தியா சுத்திடறோம்" என்றான் செந்தில்.

"அண்ணன் போய்தான் எங்கியோ பிரசவம் பாக்கணும் போல" என்றாள் எதிர்வீட்டுக் கஸ்தூரி. தெருவே சிரித்தது.

அந்தச் சிரிப்பு காதில் விழக்கூடாது என்று கண்ணாடிகளை ஏற்றினேன், பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் போட்டேன், உள்ளே வந்து கதவை அறைந்து சாத்தினேன். ஐந்து நிமிட வேலை. வயர் எதையும் இன்னும் சேர்க்கவில்லை, மீட்டர் என் கையில் இருக்கிறது, நம்பினால் நம்புங்கள், அதன் விளக்கு எரிந்தது. முள் ஏற ஆரம்பித்தது.

இறங்கலாம் என்று கதவின் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. நான்கு கதவும் திறக்கவில்லை. கரண்ட் இல்லாமல் கண்ணாடி எப்படி இறங்கும்? ஸ்பானரால் அடித்தேன், கீறல்கூட விழவில்லை. மூச்சு அடைத்தது, சட்டை உடம்போடு ஒட்டியது, நான் வேக வேக முள்ளும் ஏறியது. பத்தடி தூரத்தில் அத்தனை பேர். தொண்டை கிழியக் கத்தினேன். திரும்பிப் பார்த்த செந்தில் தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதுகைக் காட்டினான். செத்தேன் என்றே நினைத்தேன். முள் சிவப்பைத் தொட்டபோது கண் இருட்டியது.

கதவு திறந்தது. கஸ்தூரி. பாவு நூலைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வந்திருந்தாள். கைப்பிடியைத் தொட்டதும் திறந்துகொண்டதாம்.

"யோவ், மன்சனா நீ? எவ்ளோ நேரம் ஹாரன அடிச்சிகினே இருப்ப? கொயந்த தூங்குது!"

தரையில் விழுந்து கிடந்தேன். செந்தில் ஓடி வந்தான்.

"நான் எங்கடா ஹாரன் அடிச்சேன்?"

"கோவத்துல அடிச்சிகினு கீறீங்கன்னுதான மாமா நாங்க வரல!"

பானெட் திறந்தபடி இருந்தது. டெர்மினல் கழன்றபடி கிடந்தது. என் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை, ஹாரன் மட்டும்தான் கேட்டதாம்.

பிறகு கஸ்தூரியிடம் தனியாக விசாரித்தேன். நான் கீழே விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஹாரன் நிற்கவில்லையாம், அதனால்தான் அவள் அவ்வளவு கத்திப் பேசினாளாம். அவள் திட்டிய ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. ஹாரன் கேட்கவில்லை.