படிவத்தில் எழுதிய முகவரி

2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது, சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் வாங்கிய சுகாதாரப் படிவத்தில் நான் பொய் எழுதினேன். எனக்கு இருமல் இருந்தது. இல்லை என்று எழுதினேன். போகப்போவது புதுச்சேரி நகரத்தில் இருந்த என் வீட்டுக்கு. எழுதியது நகரத்தை ஒட்டிய லாஸ்பேட்டையில் நான் வாடகைக்கு விட்டிருந்த வீட்டின் முகவரி. அந்த வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தார். கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குப் பிழைப்பு. என் பொய்யால் அந்தப் பிழைப்பு போயிற்று, பெயரும் கெட்டது.

பாரிசுக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி என்று மனைவி பிரான்சுக்கு வராமல் புதுச்சேரியிலேயே இருந்துவிட்டாள். கிளம்புவதற்கு முந்தின நாளே தொண்டை கரகரத்தது. விமானத்தில் இருமல் வந்தபோதெல்லாம் கைக்குட்டையை வாயில் வைத்து அடக்கினேன். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காய்ச்சல் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். காய்ச்சல் இருந்ததா என்றுகூடத் தெரியாது. இருந்தால் சென்னை விமான நிலையத்தில் வைத்திருக்கும் கேமராவில் தெரிந்துவிடும் என்று மகன் சொல்லியிருந்தான்.

பரிசோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர் இரண்டு முறை தும்மினார். நான் மூன்றடி பின்னால் நகர்ந்து அவரை முறைத்தேன். என் சட்டைப்பையில் மாத்திரை அட்டை இருந்தது. அப்படியும் அவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

பாஸ்போர்ட்டில் லாஸ்பேட்டை முகவரிதான் இருந்தது. நகரத்துக்குக் குடிவந்த பிறகு அதை மாற்றவில்லை. யாராவது கேட்டால், பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தச் சமாதானத்தை விமானத்திலேயே தயாராக வைத்திருந்தேன். தொலைபேசி எண்ணிலும் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினேன். அதற்குச் சமாதானம் எதுவும் தயாரிக்கவில்லை.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்து, பத்து நாள் சுகாதாரத் துறையினர் வந்து பார்த்துப் போனார்கள். நான் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன். பிரான்சுக்குப் படிக்கப் போக நினைக்கும் பிள்ளைகள் பதினோரு பேர் மாலையில் என் வீட்டுக்கு வந்து படித்தார்கள். என்னை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடல் இல்லையென்றால் நான் வெறும் பென்ஷன்காரன். முகமூடி போட்ட இரண்டு பேர் என் வாசலில் வந்து நின்றால் ஒரு பிள்ளையும் வராது என்று பயந்தேன். அந்தப் பெண்ணின் வாசலுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது எழுதும்போது என் நினைவில் இருந்ததா என்று யாராவது கேட்டால், இருந்தது.

நான் வந்த மறுநாள் காலையே அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், ஹெல்த்துலேர்ந்து வந்திருக்காங்க. உங்க பேரச் சொல்லி எங்கன்னு கேக்கறாங்க. அவரு டவுன்ல இருக்காரு, இங்க இல்லன்னு சொன்னேன். டவுன்ல எங்கன்னு கேக்கறாங்க. சொல்லிடவா சார்?"

"சொல்லாதம்மா. வந்தாரு, உடனே பெங்களூர் போயிட்டாருன்னு சொல்லு."

"இங்க வந்தீங்கன்னா சொல்லணும்?"

"ஆமா. சும்மா ஒரு வார்த்த. அதோட போயிடுவாங்க."

பின்னணியில் ஒரு குழந்தை அழுதது. "சரி சார்," என்றார். நான் வீட்டுக்காரன். அவரால் வேறு என்ன சொல்ல முடியும்?

அவர்கள் அதோடு போகவில்லை. முதலில் இங்கே இல்லை என்றவர் பத்து நிமிடத்தில் வந்துவிட்டுப் போனார் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். சுகாதார ஆய்வாளர் மாலையில் மறுபடி வந்தார். அடுத்த நாள் இரண்டு முறை. என்னை உள்ளே ஒளித்து வைத்திருப்பதாகவே அவர் நினைத்தார்.

நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். பயணக் களைப்பு என்று சொல்லி வகுப்பை நான்கு நாள் தள்ளிவைத்தேன். தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பேன். பால் போடுகிறவர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினால், யாரோ கேட்கச் சொல்லித்தான் பேசுகிறார் என்று தோன்றியது.

"போலீஸ் தேடறவன் மாதிரி இன்னாத்துக்கு எட்டி எட்டிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"கொசு," என்றேன்.

"பகல்ல திரைக்குப் பின்னாடியா?"

அவளிடமும் சொல்லவில்லை. அவள் அக்கம்பக்கத்தில் வாய்விட்டுவிடுவாள் என்று அவளையும் சந்தேகித்தேன்.

ஐந்தாம் நாள் இருமல் நின்றுவிட்டது. அந்தப் பெண் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவாரோ என்ற நினைப்பு மட்டும் நிற்கவில்லை. போய்ப் பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். ஊரே அப்போது கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு திரிந்ததால் நானும் கட்டிக்கொண்டேன். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் சோடா கேட்டு நின்றேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

எதிர்வீட்டு வாசலில் சுகாதார ஆய்வாளர் குனிந்து செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் செருப்பு இருக்கிறதா என்று. அந்தப் பெண் இடுப்பில் ஒரு குழந்தையோடு நிலைப்படியில் நின்றார். மற்ற நாட்களில் அந்த நேரத்துக்கு ஏழெட்டுக் குழந்தைகளின் சத்தம் தெருமுனைவரை கேட்கும்.

லாஸ்பேட்டையில் அப்போது விமானம் வராத ஒரு விமான நிலையம் இருந்தது. கடையில் நின்ற ஒருவர் சிரித்தார். "நம்ம ஏர்போர்ட்ல ஒரு காக்கா கூட எறங்கல. காய்ச்சல் மட்டும் எப்படி லாஸ்பேட்டையில எறங்குச்சி?"

"அது தனியா எறங்கலப்பா. ஆளோடதான் எறங்கியிருக்குது," என்றார் கடைக்காரர். "பிரான்ஸ்காரராம். வயசானவராம். ராத்திரி வந்துட்டு விடியறதுக்குள்ள போயிட்டாராம். அந்தம்மாவே சொல்லிச்சி."

"தனியா இருக்கற பொம்பள வீட்டுக்கு ராத்திரி இன்னாத்துக்கு வந்தாராம்?"

"அதயும் ஃபாரத்துல எழுதியிருப்பாரு, போய்க் கேளு."

ஸ்கூட்டரில் வந்து நின்ற ஒரு பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குக் கிளம்பியவர். முன்னால் நின்ற மகளை இறக்காமலே வண்டியைத் திருப்பினார். "அண்ணா, நாளையிலேர்ந்து எங்கம்மாவ வரச் சொல்லிட்டேன். பாப்பாவ இங்க வுடல," என்று கடைக்காரரிடம் சொன்னார். எதிர்வீட்டில் நின்றவருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, அந்த ஆள் நான்தான், நான் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்ல அந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைத்திருக்காது. சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று மாலை வகுப்பை ஆரம்பித்தேன். ஒரு பையன் இருமியதும், வீட்டுக்குப் போ, தேறிய பிறகு வா என்று அனுப்பினேன்.

அன்று வகுப்பு முடிந்ததும் போன்.

"சார், ஒரே ஒரு தடவ வந்து அந்த ஹெல்த்துக்காரங்ககிட்ட நின்னுட்டுப் போங்க சார். நேத்து ஒரு புள்ளைக்குக் காய்ச்சல். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒண்ணுமில்ல, சாதாக் காய்ச்சல்தான்னு சொல்லிட்டாங்க. ஆனா அவங்கம்மா என் வீட்லதான் வந்துச்சிங்கறாங்க. தெருவுல வேற மாதிரியும் பேசறாங்க சார். என்னால வாய்விட்டுச் சொல்ல முடியல."

நான் அவருக்குச் சொன்ன பதில் இது: "அந்த வீட்ட விக்கலாமான்னு ஒரு புரோக்கர் கேட்டுட்டிருக்கான்மா. நான்தான் நீ இருக்கியேன்னு யோசிக்கிறேன்."

அப்படி ஒரு புரோக்கரே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி சார்," என்று வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது படிவத்தை அல்ல, இந்தப் பேச்சைத்தான்.

பத்து நாள் முடிந்ததும் ஆய்வாளர் வருவதை நிறுத்தினார். குழந்தைகள் திரும்பி வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை அந்தப் பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், வீட்டைக் காலி செய்யப்போவதாகவும் சொன்னார். உள்ளே என் மாணவர்கள் வினைச்சொற்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"உங்க புள்ளைங்க எல்லாம் ஒழுங்கா வராங்க இல்ல சார்?" என்றார்.

அதோடு போய்விட்டார். நான் உள்ளே போய்ப் பாடத்தைத் தொடர முயன்றேன். முடியவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, குழந்தைகளை நிறுத்திய வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனேன். பொய் எழுதியவன் நான், அந்த வீட்டுக்கு நான் வரவே இல்லை, அவரை அப்படிச் சொல்ல வைத்தவனும் நான் என்று சொன்னேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் நம்பவில்லை. அன்று ஸ்கூட்டரைத் திருப்பிய பெண் மட்டும் நேராகக் கேட்டார்: "அவங்களுக்காக நீங்க ஏன் சார் வீடு வீடா ஏறி எறங்கறீங்க?"

"தப்பு என்னுது, அதனால."

"வாடகைக்கு இருக்கறவங்களுக்காக எந்த வீட்டுக்காரர் சார் இப்படி வருவாரு?" என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்.

அவர்கள் தேடிய பிரான்ஸ்காரர் கடைசியில் தானே வீடு தேடி வந்துவிட்டார் என்றுதான் அந்தச் சிரிப்புக்குப் பொருள். சுகாதார அலுவலகத்துக்கும் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் படித்துவிட்டு, "அந்த ரிஜிஸ்டரெல்லாம் கட்டி மேல போட்டாச்சி சார். இப்ப உங்களுக்கு ஒடம்பு நல்லாத்தான இருக்குது?" என்றார்.

இரண்டு நாளில் அந்தப் பெண் வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"இனிமே யார் வீட்டுக்கும் போய்ப் பேசாதீங்க சார். நீங்க பேசாம இருந்த வரைக்கும் பாதிப் பேருதான் அந்தப் பேச்ச நம்பினாங்க. இப்ப மீதிப் பேரும் நம்பறாங்க."

"நான் வேற என்னம்மா செய்யட்டும்?"

"எழுதிக் குடுங்க. நடந்தத நடந்த மாதிரி. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்க காட்டறதுன்னு நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். அவர் எழுத்துக்கூட்டாமல் நிதானமாகப் படித்தார். முதல் வரியிலேயே நிறுத்தி, ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். 'தவறுதலாக வேறு முகவரி எழுதிவிட்டேன்' என்று எழுதியிருந்தேன்.

"தவறுதலாவா சார்?"

வேறு தாளில் முதலிலிருந்து எழுதினேன். வேண்டுமென்றே எழுதினேன் என்றும், வீட்டை விற்றுவிடுவேன் என்று மிரட்டினேன் என்றும் எழுதினேன். மிரட்டியதை அவர் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். என் மனைவி அப்போதுதான் எல்லாவற்றையும் கேட்டாள். அவள் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொண்டுவரவில்லை.

அவர் அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து அத்தனை வீடுகளுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்டிக்கடைக்காரருக்கும் ஒன்று கொடுத்தார். வீட்டைக் காலி செய்துவிட்டு, முத்தியால்பேட்டையில் ஒரு சின்ன வீடு பிடித்து மறுபடி ஆரம்பித்தார். பழைய குழந்தைகளில் இருவர் அங்கே போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. கடிதமே இருவரும் பேசிவைத்து எழுதியது என்று சொன்னவர்களும் இருந்தார்களாம்.

ஒரு நகல் சுற்றிச் சுற்றி என் மாணவன் ஒருவனின் தந்தையிடம் வந்து சேர்ந்தது. அவர் அதைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

"முசியே, இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா."

"இருமலோட வந்து எங்க புள்ளைங்களயும் உக்கார வச்சீங்களா?"

"இருமல் நின்னப்புறம்தான் ஆரம்பிச்சேன்."

"அதயும் நீங்களேதான சொல்றீங்க," என்று தாளை மடித்துக்கொண்டு போனார். அந்த வாரம் ஐந்து பேர் வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்களுக்குத் தேர்வுவரை சொல்லிக்கொடுத்துவிட்டு நானே வகுப்பை முடித்துக்கொண்டேன்.

முத்தியால்பேட்டையில் இப்போது அவரிடம் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று யாரையாவது விசாரிக்க எனக்கு ஆசைதான். விசாரித்தால், நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பார்கள். அந்தக் கேள்வி மறுபடி அவர் வாசலுக்குப் போய்விடும். அதனால் விசாரிக்காமல் இருக்கிறேன்.