சிமெண்டுக் களத்தில் வலமாக

இருபத்தோரு நாளுக்குள் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேலை என் வீட்டுக்காரரின் பங்காளி மகனுக்குப் போய்விடும். எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், பாப்பாரப்பட்டிப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நான் பட்ட கவலை இது ஒன்றுதான். மற்ற கவலைகள் எல்லாம் இதற்குள்ளேயே இருந்தன.

என் வீட்டுக்காரர் தபால்காரர். டவுன் தபாலாபீசில் பையை வாங்கிக்கொண்டு ஐந்து ஊர்களுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஐப்பசி மாதம் மஞ்சள் காமாலை வந்து பன்னிரண்டே நாளில் போய்விட்டார். எனக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கூடவே கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தி, அவருடைய தங்கச்சி. மூன்று பேருக்கும் அந்தப் பைதான் சோறு.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத் தபாலாபீஸ் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர்.

“உங்களுக்கே குடுக்க வழி இருக்குதும்மா. எட்டாவது படிச்சிருக்கீங்க, அது போதும். ஆனா சைக்கிள் ஓட்டத் தெரியணும். ரூல்ல இருக்குது. தெரியுமா?”

“தெரியுங்க,” என்றேன்.

எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மெதுவாக வந்து சேரும். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நாத்தனார் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டர் அதைக் கவனிக்கவில்லை. “நல்லதாப் போச்சு. மூணு வாரம் கழிச்சு டவுனுக்கு வந்து ஓட்டிக் காட்டுங்க. கேக்கறதுக்கு வேற ஆளும் இருக்குது, பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருவைத் தாண்டும்வரை நாத்தனார் பொறுத்துக்கொண்டாள்.

“அண்ணி, உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சா? நீங்க சைக்கிள தொடச்சிருக்கீங்க. ஓட்டியிருக்கீங்களா?”

“தொடச்சவளுக்கு ஓட்ட வராதா?”

வரவில்லை. அவருடைய சைக்கிளில் குறுக்கே பார் இருந்தது. புடவையோடு காலைத் தூக்கிப் போட முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எப்படியோ ஏறி, வாசலிலேயே சாய்ந்து, எருக்குழிக்குள் போய் விழுந்தேன். தெருவில் போன ஒரு அம்மாள் நின்று பார்த்துவிட்டு, “தாலியறுத்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள சைக்கிள் கேக்குதா?” என்றாள். நான் எருவை உதறிவிட்டுச் சைக்கிளை நிமிர்த்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

ஊருக்குள் பழக முடியாது என்று தெரிந்துபோயிற்று. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாத்தனாரும் நானும் டவுனுக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாய் என் வீட்டுக்காரருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், இருந்த ஒரே லேடீஸ் சைக்கிளை எடுத்து வந்து துடைத்தார்.

“எடுத்துட்டுப் போம்மா. ஆனா மெயின் ரோட்டுக்கு மட்டும் போகாதே. ஒகேனக்கல் போற டூரிஸ்ட் பஸ்காரனுங்க மனுசனப் பாத்து ஓட்டறதில்ல.”

வேறு எங்கே போவது? சந்துகளில் கல். திடலில் பையன்கள் கூடி நின்று விசிலடித்தார்கள். கடைசியில் பென்னாகரம் ரோட்டுக்கே போனோம். நாத்தனார் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள், நான் மிதித்தேன். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டோம். எனக்கு முழங்கால் கிழிந்தது. அவளுக்கு உள்ளங்கை. ரோட்டோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்து, பதினேழு நாள்தான் பாக்கி என்று அழுதேன்.

அப்போதுதான் அவளுக்குக் களம் ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் டவுனில் புதிதாக ஒரு பார்க் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு பெரிய அதிகாரி பெங்களூரில் பார்த்துவிட்டு வந்து ஆசைப்பட்டாராம். பார்க்கின் நடுவில் வழவழவென்று, முட்டை வடிவத்தில் பெரிய சிமெண்டுத் தளம். காலில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு சறுக்கி விளையாட. டவுனில் ஒரு வீட்டில்கூடச் சக்கர ஷூ கிடையாது. சுற்று வட்டாரத்து ஜனங்கள் வந்து அதைப் பார்த்தார்கள், குனிந்து தடவிப் பார்த்தார்கள், இத்தனை நல்ல களம் நம் ஊரில் யாருக்கும் இல்லை என்றார்கள். மறு வாரமே அதில் புளி காய்ந்தது. வாட்ச்மேனுக்கு ஒரு கூடை. பிறகு கேழ்வரகு, கொள்ளு, மிளகாய் எல்லாம் காய்ந்தன. யாரும் அதைப் பார்க் என்று சொல்லவில்லை, சிமெண்டுக் களம் என்றுதான் சொன்னார்கள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். வாசலில் ஒரு போர்டு. ‘காலில் சக்கரம் கட்டியவர்கள் மட்டும் தளத்தில் இறங்கலாம். சைக்கிள் கூடாது.’ போர்டுக்குக் கீழே வாட்ச்மேன்.

“படிக்கத் தெரியுமில்ல? வெளிய போம்மா.”

“உள்ளே மொளகா காயுதே, அது கால்ல சக்கரம் கட்டியிருக்குதாண்ணா?”

“மொளகா சிமெண்ட கீறாது. சைக்கிள் கீறும்.”

கெஞ்சினேன். என் கதையைச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேரே பார்க்கை நிர்வகிக்கிற ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் மட்டும், ஆள் இல்லாத நேரத்தில் மட்டும், பதினைந்து நாள் மட்டும் என்று மூன்று ‘மட்டும்’ போட்டு எழுதினேன். கிளார்க் படித்துவிட்டுச் சிரித்தார்.

“சைக்கிளுக்கும் சக்கரம்தானுங்களே சார்?”

“சக்கரம் கால்ல இருக்கணும்மா. காலு சக்கரத்துல இருக்கக் கூடாது.”

பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பதினோரு வருஷம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடிய மனுஷனுடைய பெண்டாட்டி நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மனுவை வாங்கி மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வயிறு எரிந்தது. அந்த வயிற்றெரிச்சலை இன்று நினைத்தாலும் எரிகிறது.

யோசனை நாத்தனாருடையது. மறுநாள் வீட்டிலிருந்த கேழ்வரகைக் கழுவி, ஒரு மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வந்தோம். பாயிடம் சைக்கிளை வாங்கி, கேரியரில் மூட்டையை வைத்துக் கட்டி, தள்ளிக்கொண்டு போனோம்.

“கேவுரு காயப்போடணும்ணா. உங்களுக்கு ஒரு படி.”

வாட்ச்மேன் மூட்டையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். “மூட்டைய எறக்கிட்டு சைக்கிள வெளிய உடுங்க.”

“ஈர மூட்டைங்கண்ணா. அங்க வரைக்கும் யாரு தூக்கறது? சாயங்காலம் திரும்பவும் கட்டணுமே?”

அவர் தலையைச் சொறிந்தார். சைக்கிள் ஓட்டக் கூடாது என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள், சைக்கிள் மூட்டை சுமக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே விட்டுவிட்டார்.

தளத்தின் நடுவில் கேழ்வரகைப் பரப்பினோம். தானியம் பரப்பிய களத்தில் செருப்போடு நிற்கக் கூடாது என்று நாத்தனார் என் செருப்பைக் கழற்றி வைத்தாள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போனதும் வெறுங்காலோடு ஏறினேன். அவள் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பிறகு தினமும் கொஞ்சம் கேழ்வரகு கழுவி எடுத்துக்கொண்டு வந்தோம். மூன்றாவது நாள் அவள் பிடிக்கவில்லை என்பது எனக்கு அரைச் சுற்றுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் விழுந்தேன். ஆனால் அரைச் சுற்று ஓட்டிவிட்டேன்.

வாட்ச்மேன் ஒருநாள் சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். நான் தளத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கிறேன், நிறுத்தவும் தெரியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். “நான் ஒண்ணும் பாக்கலம்மா. கேவுரு மேல மட்டும் ஏத்திராத, அதுல என் படியும் இருக்குது,” என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பழகியதெல்லாம் வலமாகத்தான். அது நாங்கள் பேசி முடிவெடுத்தது இல்லை. ஒரே ஒரு தடவை, ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, சும்மா மாற்றித் திருப்பினேன். நாத்தனார், “ஐயையோ அண்ணி, தானியத்த எடமா சுத்துவாங்களா!” என்று கத்தினாள். கத்திவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நானும் காலை ஊன்றி நின்றுவிட்டேன். ஐப்பசியில் வாசலில் அவரைக் கிடத்தியிருந்தபோது, கையில் வாய்க்கரிசியோடு மூன்று முறை இடமாகச் சுற்றி வரச் சொன்னார்கள். எனக்கு முன்னால் அவள்தான் சுற்றினாள். நான் சைக்கிளைத் திருப்பி மறுபடி வலமாக மிதித்தேன்.

இன்னும் நான்கு நாள் இருக்கும்போது எல்லாம் கெட்டது. பெரிய அதிகாரியின் சொந்தக்காரர்கள் பெங்களூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒரு பெண் குழந்தை, காலில் நிஜமாகவே சக்கர ஷூ. அந்தத் தளத்தில் சக்கரம் கட்டிய காலை நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நாங்கள் அவசர அவசரமாகக் கூட்டி அள்ளினோம். எத்தனை கூட்டினாலும் கேழ்வரகு கேழ்வரகுதானே. குழந்தை இரண்டு அடி வைத்தது, சக்கரத்துக்கடியில் தானியம் உருண்டது, பொத்தென்று உட்கார்ந்து அழுதது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் கூட வந்த ஆபீஸ்காரர் வாட்ச்மேனைத் திட்டிய திட்டு தெரு முனைவரை கேட்டது. வாட்ச்மேன் எங்கள் மூட்டையையும் சைக்கிளையும் வெளியே தள்ளிப் பூட்டு போட்டார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவருக்குச் சேர வேண்டிய படியைப் போர்டுக்குக் கீழே ஒரு காகிதத்தில் கொட்டி வைத்துவிட்டு வந்தோம்.

நாலு நாளும் வீட்டில் உட்கார்ந்து கையைப் பிசைந்தேன். ஓட்ட வரும் என்று ஒரு மனசு சொல்லும், ரோட்டில் வராது என்று இன்னொரு மனசு சொல்லும். என் குழந்தை பசிக்கிறது என்று வந்தால் அதன் மேல் எரிந்து விழுந்தேன்.

மூன்று வாரம் முடிந்த திங்கட்கிழமை பாயின் சைக்கிளோடு தபாலாபீஸ் வாசலில் நின்றேன். நாத்தனார் கூட வந்தாள். பங்காளி மகன் தன் சைக்கிள் மேல் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, முன்கூட்டியே வந்து நின்றிருந்தான். இன்ஸ்பெக்டர் கையில் ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார்.

“இப்படியே தெரு முனை வரைக்கும் போங்கம்மா. இடது கைப் பக்கம் திரும்பி, அடுத்த தெரு வழியா சுத்திகிட்டு இங்கயே வந்துருங்க. அவ்வளவுதான்.”

ஏறினேன். களத்தில் வெறுங்காலோடு பழகியவள் இப்போது செருப்போடு மிதிக்கிறேன், பெடல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனாலும் நேராகத்தான் போனேன். முனை வந்தது. இடது பக்கம் திருப்ப வேண்டும். கை திரும்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஹேண்டில் பார் இரும்புத் தூண் மாதிரி நின்றுவிட்டது. எதிரே சுவர் வந்துகொண்டிருந்தது. உயிர் போகிற பயத்தில் வலது பக்கம் திருப்பினேன், அது வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்புறம் அடுத்த முனையிலும் வலது, அதற்கடுத்ததிலும் வலது. சந்தைத் தெருவைச் சுற்றி, ஆட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து, தபாலாபீசுக்கு மறு பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் வந்து, காலை ஊன்றி, “வந்துட்டேனுங்க,” என்றேன்.

பங்காளி மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “லெஃப்ட்டு ரைட்டு தெரியல, லெட்டர் குடுக்கப் போறாங்களாம்.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “எடது பக்கம்தானே சொன்னேன்?”

“எடது பக்கம் வரலைங்க.”

“அப்ப எடது பக்கத்து வூட்டுக்கு லெட்டர் வந்தா என்னா பண்ணுவீங்க?”

“எறங்கி நடந்து போய்க் குடுப்பேங்க.”

அவர் காகிதத்தை மடித்தார். மடித்தவர் திரும்பப் பிரித்தார். “இன்னொரு தடவை. எடது பக்கம். வரலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஏன் இடது பக்கம் வரவில்லை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் குனிந்து என் செருப்பைக் கழற்றி அவள் கையில் வைத்துக்கொண்டாள்.

வெறுங்காலோடு மிதித்தேன். முனை வந்தது. இடமாகத் திருப்பினேன். திருப்பும்போதே வாய்விட்டு அழுதுவிட்டேன். டவுன் தெருவில், பட்டப்பகலில், ஒரு தாலியறுத்தவள் சைக்கிள் ஓட்டிக்கொண்டே அழுது போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாவது முனையில் இடமாகத் திருப்பினேன். வலது கை தானாக மூடிக்கொண்டது, உள்ளே அரிசி இருப்பது போல. மூன்றாவது முனையில் என் வீட்டுக்காரரிடம், “நான் என்ன செய்யறது, பிள்ளைக்குச் சோறு வேணுமே,” என்று சத்தமாகவே சொன்னேன். நான்காவது முனை திரும்பியபோது தபாலாபீஸ் தெரிந்தது.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர், பிரேக் எங்கே என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டர்தான் ஓடிவந்து ஹேண்டில் பாரைப் பிடித்தார்.

“ஏம்மா அழுவறீங்க? அதான் ஓட்டிட்டீங்களே. தெரியும்னு எழுதிட்டேன், போங்க.”

நான் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. கால் மறுபடி பெடலைத் தேடியது. நாத்தனார் வந்து என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு சுத்து போதும் அண்ணி,” என்றாள். “அண்ணனுக்கு மூணு சுத்தும் அன்னிக்கே சுத்திட்டோம். எறங்குங்க.”

அப்புறம்தான் இறங்கினேன்.