பாதயாத்திரைக் குழுவில் கேட்ட சந்தேகம்

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

பொறியியல் கடைசி ஆண்டு படித்த என் மகள், மறுநாள் காலை புராஜெக்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கான ஒரு மென்பொருள் விண்டோஸில் சரியாக ஓடாததால், அதே லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் நிறுவினாள். மறுபடி இயக்கியபோது லினக்ஸ் மட்டுமே வந்தது. விண்டோஸைக் காணோம். பல மாத உழைப்பு அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை.

"எல்லாம் போச்சும்மா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெரிந்த கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கொண்டு வாங்கக்கா, ஃபார்மேட் பண்ணிப் புதுசா போட்டுரலாம்" என்றார். லேப்டாப்பைப் பையில் வைத்தேன்.

கிளம்புமுன், பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன். என் போனில் ஆட்கள் அதிகமுள்ள வாட்ஸ்அப் குழு, பழனிக்கு நடந்து போனவர்களின் குழுதான். நடந்ததை அதில் எழுதி உதவி கேட்டேன். பதிலுக்குக் கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன. ஒருவர், "லேப்டாப்புக்குத் திருநீறு பூசுங்கக்கா" என்றார்.

"ஏம்மா, அன்னதானம் எங்கன்னு கேக்குற குரூப்புல போயி இதைக் கேட்டிருக்கியே!" என்று மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது. ஒட்டன்சத்திரத்தில் எங்களோடு சேர்ந்து நடந்த, ஆயக்குடிப் பெண்ணாம். "ஏனுங்க்கா, கடைக்குப் போயிராதீங்க. ஃபார்மேட் பண்ணினா நெசமாவே போயிரும். திண்டுக்கல்காரங்களுக்குப் பூட்டைப் பத்திச் சொல்லணுங்களா? வீடு இடியலைங்க, வாசல்தான் பூட்டிக் கெடக்குது. பின்வாசல்ல போலாம்."

லினக்ஸிலேயே கோப்புகளைக் காட்டும் பகுதியைத் திறந்து, ஓரத்தில் இன்னொரு டிரைவ் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தெரிந்தது. மகள் அதைத் திறந்தாள். அவளுடைய புராஜெக்ட் அப்படியே இருந்தது!

"மொதல்ல பென்டிரைவ்ல காப்பி பண்ணுங்க. மத்ததெல்லாம் அப்புறம். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டு வந்துர்றேன்" என்று எழுதினார். திரும்பி வந்து, தட்டச்சு செய்ய ஒன்றிரண்டு வரிக் கட்டளைகளை அனுப்பினார். மறுபடி இயக்கியதும், எதற்குள் போக வேண்டும் என்று கேட்டு விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் பெயர்களும் திரையில் நின்றன. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன். "என்னங்க்கா, நடக்கையில எம் பாப்பாவைத் தூக்கிட்டு வந்தீங்களே, மறந்துட்டீங்களா?" என்று பதில் வந்தது.

எனக்கு அப்படி எதுவுமே நினைவில்லை. நெரிசலில் வேறு யாரையோ நானென்று நினைத்திருக்கலாம். மறுத்து எழுதியும் அவர் நம்பவில்லை. யாரோ ஒருவர் அந்தக் குழந்தையைச் சுமந்ததற்கான நன்றி, வழி மாறி என் மகளுக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ. இந்த ஆண்டு பழனிக்கு நடந்தபோது அழும் குழந்தையைக் கண்ட இடத்திலெல்லாம் என் கை தானாகவே நீண்டது.